அளக்க வேண்டாம் என்பது யாருடைய குரல்?

மூத்த பேராசிரியர் ஒருவரின் கட்டுரை எங்கள் ஊர்க் கல்லூரி ஆசிரியர்களிடையே கைமாறிக்கொண்டிருக்கிறது. மாணவர் என்ன கற்றார் என்பதைத் திறன் திறனாகப் பிரித்து அளப்பது உயர்கல்வியைக் கொல்லும் வேலை என்பது அவர் வாதம். திறன் என்பது ஃபிட்டருக்கும் வெல்டருக்கும் உரியது, பல்கலைக்கழகம் மனத்தைப் பண்படுத்தும் இடம் என்கிறார். முதலாளிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கவே இந்த அளவீடு வந்திருக்கிறது என்கிறார். தூத்துக்குடிக்காரர் என்பதால் முத்துக் குளித்தவர்களையும் சாட்சிக்கு இழுக்கிறார்: மூச்சடக்கிக் கடலடிக்குப் போனவரின் அறிவை எந்த அட்டவணை அளந்தது என்று கேட்கிறார். படித்த பலரும் பாராட்டுகிறார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அவருடைய தமிழ் அழகானது. ஆனால் வாதம் அடியோடு தவறு. அந்தத் தவறு யார் தலையில் போய் விழுகிறது என்று பார்த்தால் கோபம் இன்னும் கூடுகிறது.

அவர் அழைத்த சாட்சி அவருக்கு எதிராகவே பேசுவதால் முத்துக் குளிப்பிலிருந்தே தொடங்குகிறேன். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பு என்பதே தொடக்கம் முதல் முடிவு வரை அளவைதான். குளிப்புக்கு முன்பே தொளாயிரம் பார் போன்ற சிப்பிப் பார்களில் மாதிரிக்குச் சிப்பி எடுத்து, திறந்து, கிடைத்த முத்துக்களை மதிப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அந்த ஆண்டு குளிப்பு உண்டா இல்லையா என்று அரசு முடிவு செய்தது. குளிப்பு நாளில் ஒவ்வொரு படகின் சிப்பியும் கரையில் மூன்று குவியலாகும். பிரிப்பவர் குளியாள். அதில் அவருடைய பங்கு எது என்று சுட்டிக்காட்டுபவர் அரசு அலுவலர். எந்தக் குவியல் தனக்கு வரும் என்று தெரியாததால் மூன்றையும் சமமாகப் பிரித்தே ஆக வேண்டும். முத்து வணிகரிடம் போனால் அங்கே பித்தளைச் சல்லடைகள் பத்து. முதல் சல்லடையில் 20 துளை, கடைசிச் சல்லடையில் 1000. பருமன் வாரியாகப் பிரித்த பிறகு ஒவ்வொரு முத்தையும் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்து, உருட்சியிலும் ஒளியிலும் குறையில்லாததை ஆணிமுத்து என்று தனியே வைப்பார்கள். அடுத்தடுத்த தரங்களுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. பிறகு நிறை. கடைசியில்தான் விலை. சல்லடை பருமனை மட்டுமே சொல்லும், ஒளியைச் சொல்லாது என்பது அந்த வணிகர் ஒவ்வொருவருக்கும் தெரியும். அதற்காக யாரும் சல்லடையைக் கடலில் எறியவில்லை. சல்லடையின் வேலை முடிந்த இடத்தில் கண்ணின் வேலை தொடங்கியது.

தூத்துக்குடியின் கடைசி முத்துக் குளிப்பு 1961-ல் நடந்தது. பேராசிரியர் வர்ணிக்கிற, அளவைக்கு அப்பாற்பட்ட குளியாள் அதற்குப் பிறகு மேடைப் பேச்சுகளில் உருவாக்கப்பட்டவர். உண்மையான குளியாளுக்கு விதி முன்கூட்டியே தெரியும். பங்கு எவ்வளவு என்று தெரியும். பிரிப்பது அவர் கண்ணெதிரே நடந்தது. அவருக்கு இருந்த அந்த உரிமைகூட நம் கல்லூரி மாணவருக்கு இல்லை. நான் சொல்ல வருவது அதைத்தான்.

கல்லூரியில் மாணவர் எப்போதும் அளக்கப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறார். பருவத் தேர்வில், அக மதிப்பீட்டில், வாய்மொழித் தேர்வில், வளாக நேர்காணலில், முதல் பெஞ்சா கடைசி பெஞ்சா என்பதில்கூட அளக்கப்படுகிறார். எதை வைத்து அளக்கிறோம் என்பதை மட்டும் அவரிடம் யாரும் சொல்வதில்லை. ‘நல்ல பதில்’ என்றால் என்ன? ‘ஆழம்’ என்றால் என்ன? ‘இந்தப் பிள்ளைக்கு ஒரு ஸ்பார்க் இருக்கிறது’ என்று ஓர் ஆசிரியர் சொன்னால், எதைப் பார்த்துச் சொல்கிறார்? தந்தை பேராசிரியராக இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இதன் விடை சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடும். தருவைகுளத்திலிருந்தோ பெரியதாழையிலிருந்தோ முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறும் பெண்ணுக்கு யார் சொல்வது? மூன்று ஆண்டு படித்து முடித்த பிறகும் தன்னிடம் என்ன எதிர்பார்த்தார்கள் என்று தெரியாமலே பட்டத்தை வாங்கிக்கொண்டு போகும் மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். இந்தத் தாளை முடித்தால் நீ இன்னின்னதைச் செய்ய வல்லவளாக வேண்டும், அதை இப்படிச் செய்துகாட்ட வேண்டும், இதை வைத்து நாங்கள் மதிப்பிடுவோம் என்று முதல் வகுப்பிலேயே எழுதிக் கொடுப்பதுதான் திறன் அளவீடு. இதை எதிர்ப்பவர், தெரிந்தோ தெரியாமலோ, ஏற்கெனவே தெரிந்த வீட்டாருக்காகப் பேசுகிறார்.

ஃபிட்டர், வெல்டர் என்ற ஏளனத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரை அடுத்த வேப்பலோடையில் 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி கே. அழகர்சாமி இந்தியக் கடற்சிப்பியில் வளர்ப்பு முத்தை உருவாக்கினார். உலக அறிவியலில் தூத்துக்குடிக்கு இடம் வாங்கித் தந்த வேலைகளில் ஒன்று அது. அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு சிப்பியின் மேலுறைச் சதையிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் சதுரத் துண்டு ஒன்றை நறுக்க வேண்டும். வேறொரு சிப்பியின் உடலில் சிறு கீறல் போட்டு, ஓட்டிலிருந்து கடைந்த உருண்டை மணியை உள்ளே செலுத்தி, நறுக்கிய துண்டை அதை ஒட்டி வைக்க வேண்டும். துண்டின் வெளிப்புறத் தோல்தான் முத்துப்பூச்சைச் சுரக்கும். அந்தப் பக்கம் மணியைத் தொட்டபடி இருக்க வேண்டும். புரட்டி வைத்துவிட்டால் எதிர்பார்த்த முத்து கிடைக்காது. எந்தப் பக்கம் எது என்று தெரிவது உயிரியல். தெரிந்ததைச் சிப்பி சாகாமல் செய்வது கை. இரண்டில் எது பல்கலைக்கழகத்துக்கு உரியது, எது வெல்டருக்கு உரியது? பேராசிரியர் கோடு போட்டுக் காட்டட்டும். கையை மனத்துக்குக் கீழே வைக்கும் இந்தப் பழக்கம் இந்த நாட்டில் எங்கிருந்து வந்தது, யாரை எங்கே உட்கார வைத்தது என்பது அவருக்குத் தெரியாததல்ல. பழைய அந்த ஏற்றத்தாழ்வைத்தான் அவர் கல்விக் கோட்பாடு என்று எழுதியிருக்கிறார்.

துறைமுக ஊரில் இருந்துகொண்டு கடலோடிகளின் கல்வியைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் அவரால் எப்படி இந்தக் கட்டுரையை முடிக்க முடிந்தது என்பதுதான் எனக்கு வியப்பு. கப்பல் பணியாளர்களின் பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் உலகம் முழுவதற்குமான எஸ்டிசிடபிள்யூ உடன்படிக்கை 1978-ல் உருவானது. அதில் பல தகுதிகளுக்கு அந்தந்த நாட்டு நிர்வாகம் திருப்தி அடைந்தால் போதும் என்றே எழுதியிருந்தார்கள். திருப்தி என்பதற்கு ஒவ்வொரு நாடும் ஒரு பொருள் கொண்டது. ஒரே பெயரில் இருந்த சான்றிதழ்கள் ஒரே தகுதியைச் சொல்லவில்லை. 1995-ல் உடன்படிக்கையைத் திருத்தியபோது அந்த மங்கலான தொடர்களை எடுத்துவிட்டு, நான்கு நிரல் கொண்ட அட்டவணைகளைக் கொண்டுவந்தார்கள். முதல் நிரலில் திறன். இரண்டாவதில் அதற்கு வேண்டிய அறிவு, புரிதல், கைத்தேர்ச்சி. மூன்றாவதில் அந்தத் திறனை எந்த வழியில் செய்துகாட்டலாம் என்பது. நான்காவதில் எதைக் கண்டு தேறியதாகக் கொள்ள வேண்டும் என்பது. 2010 மணிலா திருத்தத்துக்குப் பிறகும் இதே அமைப்புதான். இரண்டாம் நிரலைப் பேராசிரியர் ஒருமுறை படிக்க வேண்டும். அறிவையும் புரிதலையும் வெளியே தள்ளிவிட்டுத்தான் திறன் உள்ளே வருகிறது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாரே, அவை இரண்டும் அங்கே திறனுக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன.

கப்பல் அதிகாரியாக விரும்புகிறவர் படிக்கும் நாட்டிகல் சயின்ஸ் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு. பட்டம் வாங்கியதும் கப்பலைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். கேடட்டாகக் கடலில் காலம் கழிக்க வேண்டும். டிரெய்னிங் ரெக்கார்ட் புக்கில் ஒவ்வொரு வேலைக்கும், செய்ததைப் பார்த்த அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். எழுத்துத் தேர்வு உண்டு. அதற்கும் மேல், பையன்கள் பயந்து நடுங்கும் ஓரல்ஸ் என்ற வாய்மொழித் தேர்வு. சென்னையிலோ மும்பையிலோ கடல்வணிகத் துறையின் (எம்எம்டி) சர்வேயர் முன்னால் தனியாக உட்கார வேண்டும்.

இரவு, வலது முன்பக்கம் மேலே சிவப்பு, கீழே வெள்ளை, இரண்டும் எல்லாத் திசையிலும் தெரிகிற விளக்குகள். என்ன அது என்று கேட்பார். மீன்பிடிப்பில் இருக்கும் படகு, இழுவலை அல்ல. இழுவலை என்றால் மேலே பச்சை இருக்கும் என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் தள்ளி இன்னொரு வெள்ளை விளக்கு தெரிந்தால்? வலை 150 மீட்டருக்கு மேல் நீண்டிருக்கிறது, அந்தப் பக்கம் என்று காட்டுகிறது. என்ன செய்வாய்? விசைக்கப்பல் நான், நான்தான் விலக வேண்டும். எந்தப் பக்கம் திருப்புவாய், ஏன் அந்தப் பக்கம்? அங்கே விளக்கே இல்லாத ஒரு வள்ளமும் இருந்தால்? விதிப்புத்தகம் முடிந்துவிட்ட இடத்தில் தொடங்கும் கேள்வி இது. மனப்பாடம் செய்தவன் இங்கே திணறுவான். கடலைப் புரிந்துகொண்டவன் பதில் சொல்வான். தூத்துக்குடிப் பையன் என்றால், விளக்கில்லாத அந்த வள்ளத்தில் அவனுடைய சித்தப்பாவே இருக்கக்கூடும். இது அளவீடு. இதில் மனம் எங்கே செத்துப்போனது? நம் பல்கலைக்கழக வாய்மொழித் தேர்வுகளில், பெயர் என்ன, எந்த ஊர், ப்ராஜெக்ட் தலைப்பு என்ன என்று கேட்டு ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுகிறோமே, அங்கேதான் மனம் சாகிறது.

அதெல்லாம் தொழிற்கல்வி, நான் பேசுவது கலை அறிவியல் கல்லூரிகளைப் பற்றி என்று அவர் சொல்லக்கூடும். மருத்துவத்தையும் அப்படியே ஒதுக்குவார். 2019-ல் சேர்ந்த எம்பிபிஎஸ் மாணவர்களிலிருந்து நாடு முழுவதும் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் நடப்பில் இருக்கிறது. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரிக்கும் அதுவேதான். தெரியும், எப்படிச் செய்வது என்று தெரியும், செய்துகாட்ட முடியும், தானே செய்வார் என்று ஒவ்வொரு திறனுக்கும் எந்த நிலை வேண்டும் என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கிறது. தன் பேத்திக்கு ஊசி போடுகிறவர் அளக்கப்பட்டவராக இருக்க வேண்டும் என்று பேராசிரியரும் விரும்புவார். ஊரார் பேரப்பிள்ளைகளில் வேதியியலும் வரலாறும் படிப்பவர்கள் மட்டும் அளக்கப்படாமல் போகலாமா?

வேதியியலையே எடுத்துக்கொள்கிறேன். ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தில், மே 2018-ல் துப்பாக்கிச் சூட்டுக்கு 13 பேரைப் பறிகொடுத்த ஊர் இது. அந்த ஆலை பற்றிய வழக்குகளில், தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமான நீரியின் ஆய்வறிக்கைகள் உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் வாதப்பொருளாயின. 2013-ல் உச்ச நீதிமன்றம் ஆலைக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. நம் நீர், நம் காற்று, நம் மண் பற்றிய எண்கள் அவை. ஆண்டுதோறும் இந்த ஊர்க் கல்லூரிகளிலிருந்து வேதியியல் பட்டதாரிகள் வெளியே வருகிறார்கள். அப்படி ஓர் அறிக்கையைக் கையில் கொடுத்தால் அவர்களில் எத்தனை பேரால் அதைக் கேள்வி கேட்டுப் படிக்க முடியும்? மாதிரி நீரை எங்கே எடுத்தார்கள், எந்த மாதத்தில், மழைக்கு முன்பா பின்பா? நிலத்தடி நீர் ஓடும் திசையில் அந்தக் கிணறு ஆலைக்கு மேட்டில் இருக்கிறதா, பள்ளத்தில் இருக்கிறதா? ‘கண்டறியப்படவில்லை’ என்று போட்டிருந்தால் அங்கே அந்த உலோகம் அறவே இல்லை என்று பொருளா, அந்தக் கருவியால் அதற்குக் குறைவான அளவைப் பார்க்க முடியாது என்று பொருளா? பட்டம் பெற்ற ஒருவர் இதைக் கேட்க வல்லவராக இருக்க வேண்டும். இது ஒரு திறன். எழுதி வைக்கலாம், கற்பிக்கலாம், ஓர் உண்மையான அறிக்கையைக் கையில் கொடுத்துச் சோதித்தும் பார்க்கலாம். இந்தத் திறன் எந்த முதலாளிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும்? ஆலை முதலாளியின் அறிக்கையை ஊர்ப் பிள்ளை ஒருத்தி வரி வரியாகக் கேள்வி கேட்பது முதலாளிக்கு ஆதாயமா?

வரலாறும் அப்படியே. எங்கள் ஊரின் 1908 கோரல் மில் வேலைநிறுத்தத்தைப் பற்றி 10 மதிப்பெண் கட்டுரை எழுதச் சொல்கிறோம்; கைடில் இருப்பதை எழுதிவிட்டுப் போகிறார்கள். அதே நிகழ்வைப் பற்றிய அரசு ஆவணம் ஒன்றையும், அன்றைய தேசியப் பத்திரிகைச் செய்தி ஒன்றையும் அருகருகே வைத்து, இரண்டும் முரண்படும் இடத்தில் எதை நம்புவாய், ஏன் என்று கேட்டால் என்ன? மனத்தைப் பண்படுத்துவது என்று பேராசிரியர் சொல்வதை அங்கே கண்ணால் பார்க்கலாம். பண்பட்டதா என்று பார்க்கவே கூடாது என்றால், பண்படுத்தினோம் என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

முதலாளிகளுக்கு ஆள் பிடிப்பது என்ற வாதத்தில் பேராசிரியர் இன்னொரு குழப்பமும் செய்கிறார். மார்ச் 2022-ல் தொடங்கிய, தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ போன்ற திட்டங்களில் தரப்படும் குறுகிய காலப் பயிற்சிகளையும், ஒரு துறையின் சொந்தத் திறன்களையும் ஒன்றாகக் கட்டி அடிக்கிறார். கணினி மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பது ஒரு வேலை. பொருளியல் மாணவி துறைமுகத்தின் சரக்குக் கணக்கைப் பார்த்து நிலக்கரி வரத்து ஏறியதன் காரணத்தை ஊகிக்கப் பழகுவது வேறு வேலை. முதலாவது போதாது என்றால், இரண்டாவதை இன்னும் உறுதியாகக் கேட்பதுதான் முறை. இரண்டையும் சேர்த்து விரட்டினால் என்ன நடக்கும் என்பது ஏற்கெனவே தெரியும். பட்டம் எதையும் சொல்லாதபோது நிறுவனங்கள் தாங்களே அளக்கின்றன: கல்லூரியின் பெயர், பேசும் ஆங்கிலம், உடுத்தியிருக்கும் சட்டை, அப்பாவின் வேலை. எந்த விதிக்கும் கட்டுப்படாத அந்த அளவீட்டை மட்டும் பேராசிரியரின் கட்டுரை தொடவே இல்லை.

ஓர் இடத்தில் அவர் சொல்வது உண்மை. சிஓ, பிஓ (பாட விளைவு, படிப்பு விளைவு) என்று ஆசிரியர்கள் நிரப்பித் தள்ளும் அட்டவணைகளைப் பற்றி அவர் எழுதியிருக்கும் ஒவ்வொரு சொல்லும் சரி. பொறியியல் கல்விக்கான வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014-ல் நிரந்தர உறுப்பினரானது. விளைவு அடிப்படையிலான கல்வி என்பது பொறியியல் கல்லூரிகளில் கட்டாயமாகி, பிறகு கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டின் வழியாகக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்தது அட்டவணை மட்டும்தான். வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே சிஓ 2, கே 4 (இரண்டாம் பாட விளைவு, நான்காம் சிந்தனை நிலை) என்று எழுதுகிறார்கள். ‘வரையறு’ என்று இருந்த கேள்வியை ‘பகுப்பாய்வு செய்க’ என்று மாற்றினால் அது உயர்நிலைச் சிந்தனைக் கேள்வியாகிவிடுகிறது. விடைக்குறிப்பில் பழைய வரையறையே இருக்கும். தேர்வு முடிந்ததும் அதே மதிப்பெண்களை எக்செல்லில் போட்டு, இத்தனை சதவீத மாணவர் இத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் வாங்கினால் நிலை 3 என்று பெருக்கி வகுத்து, அட்டெய்ன்மென்ட் 2.4 என்று கண்டுபிடிக்கிறார்கள். அந்த 2.4 எந்த மாணவியைப் பற்றியும் எதையும் சொல்லாது. நிலை எட்டவில்லை என்றால் அடுத்த ஆண்டு இலக்கைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. இந்தப் பொய்யை எதிர்க்க நானும் அவரோடு நிற்பேன்.

ஆனால் இதைத் திறன் அளவீடு என்று அவர் அழைப்பதை ஏற்க மாட்டேன். மனப்பாடத் தேர்வில் வாங்கிய பழைய மதிப்பெண்தான் அங்கே வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது. எஸ்டிசிடபிள்யூ அட்டவணையில் இருக்கும் மூன்றாம், நான்காம் நிரல்கள் இங்கே காணாமல் போய்விட்டன: செய்துகாட்டுவதும் இல்லை, செய்வதைப் பார்த்து மதிப்பிடுபவரும் இல்லை. அளக்காமலே அளந்ததாக எழுதியதுதான் குற்றம். அந்தக் குற்றத்தைக் காட்டி, அளப்பதே குற்றம் என்று தீர்ப்பெழுதுகிறார் பேராசிரியர். இரு தரப்புக்கும் இது வசதி. நிர்வாகம் அட்டவணையைக் காட்டி நாக் குழுவை அனுப்பிவிடலாம். ஆசிரியர் அட்டவணையைத் திட்டிவிட்டு, பத்தாண்டாக வைத்திருக்கும் குறிப்பேட்டையே மறுபடி வாசிக்கலாம். மாணவியின் நிலையில் ஒரு மாற்றமும் இல்லை.

கடைசியாக அவர் வ.உ.சி.யைத் துணைக்கு அழைக்கிறார். எந்தத் திறன் அட்டவணை அந்த மனிதரை உருவாக்கியது என்று கேட்கிறார். வ.உ.சி. பிளீடர் தேர்வு எழுதித் தேறி, ஓட்டப்பிடாரத்தில் வழக்காடத் தொடங்கியவர். சட்டம் தெரியும் என்று தேர்வில் காட்டாமல் அவர் நீதிமன்றப் படி ஏறியிருக்க முடியாது. அந்தத் தேர்வு அவருடைய தேசப்பற்றை அளக்கவில்லைதான். அதை அளப்பதற்காக அது நடத்தப்படவும் இல்லை. ஒரு மனிதரிடம் அளக்க முடியாதது ஏதோ இருக்கிறது என்பதற்காக, அளக்க முடிந்ததையும், மாணவருக்கு நாம் தர வேண்டிய கடனாக இருப்பதையும் கணக்கிலிருந்து அடித்துவிட முடியாது.

இப்படி அளக்க என்ன வேண்டும் என்றும் பார்க்க வேண்டும். ஓரல்ஸ் நடத்தும் சர்வேயர் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் உட்கார வைத்துக் கேட்கிறார். நம் விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரு தாளுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். ஒரு வகுப்பில் 60 பேர், துறையில் நிரந்தர ஆசிரியர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில், மீதிப் பாடத்தை எடுப்பவர்கள் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் கௌரவ விரிவுரையாளர்கள். மாநிலம் முழுவதும் அரசுக் கல்லூரிகளில் அவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வேலை நிரந்தரமில்லாத ஒருவரிடம், ஒவ்வொரு மாணவியையும் தனித்தனியே உட்கார வைத்து அறிக்கையைப் படிக்கச் சொல்லிக் கேள், கேட்டு நேர்மையாக மதிப்பிடு என்று எப்படிச் சொல்வது? திறனை அளப்பது என்றால் ஆசிரியர் வேண்டும், நேரம் வேண்டும், சோதனைச்சாலை வேண்டும், வெளியிலிருந்து வந்து பார்க்கும் துறை அறிஞர் வேண்டும். எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அட்டவணைக்கு இவை எதுவும் வேண்டாம் என்பதால்தான் நமக்கு அட்டவணை கிடைத்தது.

நிரந்தர ஆசிரியர் பணியிடங்களை நிரப்பக் கேட்டு எழுத வேண்டிய மனுவுக்குப் பேராசிரியரைப் போல எழுதத் தெரிந்தவர் தேவை. இந்தத் திறனை வளர்க்கிறோம், இப்படிச் சோதிக்கிறோம், அதற்கு இத்தனை ஆசிரியர் வேண்டும் என்று கணக்குச் சொல்லிக் கேட்டால் அரசு பதில் சொல்லியே ஆக வேண்டும். கல்வி அளவைக்கு அப்பாற்பட்டது என்று பேராசிரியர்களே எழுதிக்கொண்டிருக்கும் வரை அரசுக்கு எந்த நெருக்கடியும் இல்லை.